பாசத்தால் வந்த வினை!

எங்கள் வீட்டு நாய் மணிக்கு ஒன்பது வயது. மிஞ்சுகிற சாதத்தை எல்லாம், "பாவம், வாயில்லா ஜீவன்" என்று அதன் தட்டில் கொட்டிவிடுவேன். பொங்கல் சமயத்தில் ஒரு நாள் வாசற்படி ஏற முடியாமல் நின்றுவிட்டது. உடம்பு பெருத்து மூட்டு வலி! கால்நடை டாக்டர் என்னைத்தான் கடிந்துகொண்டார்.

"ஓடியாடுற வயசுல போட்ட அளவையே இப்பவும் போட்டா எப்படிம்மா?" என்றவர் சொன்ன கணக்கு இது: குட்டிக்கு 4 மாதம் வரை தினம் 4 வேளை, 6 மாதம் வரை 3 வேளை, பிறகு 2 வேளை போதும். வயதாகி ஓட்டம் குறைந்தால் சோற்றையும் குறைக்க வேண்டும். விலாவைத் தடவினால் எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும். வெங்காயம் சேர்ந்த சாம்பார் சாதம் கூடவே கூடாது.

மூன்று மாதமாக அளந்துதான் போடுகிறேன். நேற்று மணி தானாகவே படியேறி வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

- ஒரு வாசகி, கும்பகோணம்.