கதவு திறந்தால் சுடச்சுடப் பழரசம்! மெக்சிகோ நாட்டின் கிறிஸ்துமஸ் பானம்

"தங்க இடம் கிடைக்குமா?"

வாசலில் நிற்பவர்கள் பாட்டாகக் கேட்கிறார்கள். கையில் மெழுகுவர்த்தி. குளிரில் உடம்பு நடுங்குகிறது.

"இடம் இல்லை, போங்கள்!" வீட்டுக்குள் இருப்பவர்களும் பாட்டாகவே பதில் சொல்கிறார்கள்.

இது சண்டை அல்ல, திருவிழா!

மெக்சிகோ நாட்டில் ஆண்டுதோறும் டிசம்பர் 16-ந் தேதி முதல் 24-ந் தேதி வரை 9 இரவுகள் இது நடக்கும். விழாவின் பெயர் "போசாதாஸ்". "தங்கும் இடங்கள்" என்று பொருள். ஏசுநாதர் பிறப்பதற்கு முன் மேரி மாதாவும் சூசையப்பரும் தங்க இடம் தேடி அலைந்தார்கள் அல்லவா? அதை நினைவுகூரும் விழா இது.

கடைசியில் கதவு திறக்கும். வந்தவர்கள் எல்லோரும் உள்ளே போவார்கள். அங்கே பெரிய பானையில் ஆவி பறக்கக் காத்திருக்கும், "பொன்ச்சே" என்ற பழரசம்!

ஊட்டியைப் போல...

மெக்சிகோ நகரம், நம் ஊட்டியைப் போலவே, கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர் இரவில் நன்றாகக் குளிரும். சூடாக எதையாவது குடித்தால்தான் உடம்பு தாங்கும்.

பொன்ச்சேயில் சேரும் பொருள்களைக் கேட்டால் நமக்கு வியப்பாக இருக்கும். கொய்யா, கரும்பு, புளி, பட்டை, வெல்லம்! இவற்றில் கொய்யா அமெரிக்கக் கண்டத்தில் இருந்து நமக்கு வந்தது. கரும்பும் புளியும் ஸ்பானியர் ஆட்சிக் காலத்தில் கடல் கடந்து மெக்சிகோ போய்ச் சேர்ந்தவை.

செய்முறை

4 லிட்டர் தண்ணீரில் 300 கிராம் வெல்லமும் 2 துண்டு பட்டையும் போட்டுக் கொதிக்க விடுவார்கள். வெல்லம் கரைந்ததும், தோல் சீவி விரல் நீளத்துக்கு நறுக்கிய கரும்பைப் போடுவார்கள். கூடவே "தெஹொகோத்தே" என்ற சிறிய மஞ்சள் நிறப் பழம் அரைக் கிலோ. இது ஆப்பிள் இனத்தைச் சேர்ந்தது.

பழம் மெத்தென்று ஆனதும் நறுக்கிய கொய்யா, உலர்ந்த திராட்சை, சிறிது புளி ஆகியவற்றைச் சேர்ப்பார்கள். கொய்யாவை முன்னாலேயே போட்டால் கரைந்து போகும். பிறகு இளந்தீயில் அரை மணி நேரம். பழத் துண்டுகளுடன் குவளையில் ஊற்றிக் கொடுப்பார்கள். குழந்தைகள் ரசத்தைக் குடித்துவிட்டுக் கரும்பைச் சுவைப்பார்கள். பெரியவர்கள் சிலர் தங்கள் குவளையில் மட்டும் கொஞ்சம் ரம் கலந்து கொள்வதும் உண்டு.

தடுக்கப்பட்ட பழம்

பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்ற மெக்சிகோ மக்களுக்கு ஒரு கவலை இருந்தது. அங்கே கொய்யா கிடைத்தது; கரும்பு கிடைத்தது. தெஹொகோத்தே கிடைக்கவில்லை. பழத்தோடு பூச்சிகளும் வந்துவிடும் என்று அஞ்சி, அமெரிக்க அரசு அதைக் கொண்டுவரத் தடை விதித்திருந்தது.

"அந்தப் பழம் இல்லாமல் பொன்ச்சேயா?" மக்களுக்கு மனம் கேட்கவில்லை. ஒளித்துக் கொண்டு வந்தார்கள். எல்லையில் அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். பலர் பாட்டிலில் அடைத்த பழத்தை வாங்கிச் சமாளித்தார்கள். கலிபோர்னியாவில் சில விவசாயிகள் அந்த மரத்தையே வளர்க்கத் தொடங்கினார்கள். கடைசியாக 2015-ம் ஆண்டு தடை நீங்கியது.

ஒரு பழத்துக்காக இத்தனை பாடா?

அவர்களும் இடம் தேடிப் போனவர்கள்தானே! பல கதவுகள் மூடினாலும் ஒரு கதவு திறக்கும் என்பதுதான் அந்த விழா சொல்லும் செய்தி. ஊர் மாறினாலும், அந்தப் பானையில் அதே மணம் வீச வேண்டும் என்று அவர்கள் விரும்பியதில் வியப்பு இல்லை.