கணவரின் உடுப்பில் வந்த தூசு

கூரைக்கு அஸ்பெஸ்டஸ் சீட் போடும் நாளில் நடப்பது நம் எல்லோருக்கும் தெரியும். முற்றத்தில் வைத்துச் சீட்டை அறுப்பார்கள். பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். வேலை முடிந்ததும் அந்தத் தூளைக் கூட்டி அள்ளுவது யார்? வீட்டுப் பெண்தான்.

1965இல் லண்டனில் நியூஹவுஸ், தொம்சன் என்ற இரு ஆய்வாளர்கள், மீசோதெலியோமா நோய் கண்ட 76 பேரின் விபரங்களை ஆராய்ந்தனர். நுரையீரலையும் வயிற்றுறுப்புகளையும் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வில் உண்டாகும் புற்றுநோய் இது. அஸ்பெஸ்டஸ் தொழிலாளருக்கு இந்நோய் வந்ததில் வியப்பில்லை. ஆனால் அவர்களுள் 9 பேர் அத்தொழிலே செய்யாதவர்கள், தொழிலாளரின் வீட்டார். விசாரித்தபோது, கணவரின் வேலை உடுப்பைக் கழுவிய மனைவியரின் கதைதான் அதிகம் கிடைத்தது.

அஸ்பெஸ்டஸ் மண்ணிலிருந்து தோண்டியெடுக்கும் ஒரு கல். நார் நாராகப் பிரிவதால் கல்நார் என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த நார் மூச்சோடு போய் நுரையீரலில் தங்கிவிடும். இருபது, முப்பது, நாற்பது வருடங்கள் கழித்தே நோய் வெளிப்படும். இன்று இருமலுமில்லை, காய்ச்சலுமில்லை. பிறகு யார்தான் நம்புவார்? வேலைத்தலத்தில் இதைச் சுவாசித்ததால் மட்டும் வருடந்தோறும் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் இறப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டுள்ளது. வெள்ளை அஸ்பெஸ்டஸ் பாதகமில்லை என்று சிலர் சொல்வதுண்டு. அதுவும் புற்றுநோயை உண்டாக்குவதே.

ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் இதைத் தடைசெய்துவிட்டன. நமது நாடும் 2018 முதல் படிப்படியாகக் குறைக்கத் திட்டமிட்டது. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியில் ஒரு வண்டு இருந்ததாகக் கூறி ரஷ்யா நமது தேயிலையை நிறுத்தியது. நமக்கு அஸ்பெஸ்டஸ் விற்கும் நாடும் அதுவே. அந்த மாதமே நமது தடை பின்போடப்பட்டது. தேயிலைக்கும் வழி திறந்தது. வண்டுக்கும் கூரைக்கும் என்ன சம்பந்தம் என்பதைச் சகோதரிகளே ஊகித்துக்கொள்ளுங்கள்.

உடையாத நல்ல கூரையைக் கண்டு பதற வேண்டியதில்லை. அறுத்தல், துளையிடல், பாசியைப் பிரஷ்ஷால் தேய்த்தல், உடைத்தல் இவற்றில்தான் ஆபத்து. அறுத்தே ஆகவேண்டுமென்றால் நன்றாக நனைத்து, மின்வாளை விட்டுக் கைவாளால் அறுக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிடுங்கள். உடைந்த துண்டுகளை நொறுக்கி முற்றத்தில் பரப்ப விடாதீர்கள். தூளை விளக்குமாற்றால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். வேலை உடுப்பை உதறாமல், மற்ற உடுப்புகளோடு சேர்க்காமல், தனி வாளியில் நீரில் அமிழ்த்திக் கழுவுங்கள்.