நாளொரு பறவை
(இளம் அறிவியல் விலங்கியல், மூன்றாம் ஆண்டு)

காகத்தைப் பாராதவர் நம்மில் எவரும் இலர். ஆனால், காகத்தின் காலில் முன்னோக்கிய விரல்கள் எத்தனை, பின்னோக்கியவை எத்தனை என்று கேட்டால் எத்தனை பேர் உடனே விடை கூறுவோம்? விலங்கியல் மாணவனாகிய நானே 2024-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளன்று விழித்து நின்றேன்.

ஜேக் பார்க்கர் என்னும் அமெரிக்க ஓவியர் 2009-ஆம் ஆண்டில், அக்டோபர் மாதம் முழுவதும் நாளொரு மைச்சித்திரம் வரைவதெனத் தமக்குத் தாமே ஒரு சவால் விதித்துக்கொண்டார். அது பின்னர்ப் பல நாடுகளிலும் பரவியது. அதைப் பின்பற்றி எங்கள் வகுப்பில் ஐவர், நாளொரு பறவை வரைவதென முடிவு செய்தோம். விதிகள் மூன்று. உயிருள்ள பறவையை நேரில் கண்டு வரைய வேண்டும். நாள், நேரம், இடம் குறிக்க வேண்டும். பிழையானாலும் தாளைக் கிழிக்கக் கூடாது.

முதல் நாள் விடுதிச் சுவரில் அமர்ந்த காகத்தை வரைந்தேன். அதன் முழங்கால் பின்னோக்கி மடிவதாக எண்ணிக் கோடிட்டேன். துறை ஆசிரியர் பார்த்துவிட்டு, "தம்பி, பின்னோக்கி மடிவது முழங்கால் அன்று, கணுக்கால். முழங்கால் இறகுகளுக்குள் மறைந்திருக்கிறது. ரெக்கார்டு நோட்டில் புறாவின் எலும்புக்கூட்டைச் சரியாகத்தானே வரைந்திருந்தாய்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அந்தப் படம் மூத்த மாணவர் ஒருவரின் நோட்டிலிருந்து நான் பிரதி எடுத்தது. மதிப்பெண் கிடைத்தது, எலும்பு மனத்தில் பதியவில்லை.

பறவை நமக்காகக் காத்திராது. ஆகவே முதலில் உடலை ஒரு முட்டை வடிவமாகவும் தலையை ஒரு வட்டமாகவும் வரைந்து, அலகும் வாலும் நோக்கும் திசைகளை இரு கோடுகளால் குறித்துக்கொள்ள வேண்டும். இறகுகளை எண்ணுவது பிறகு. பறந்து போய்விட்டால் நினைவிலிருந்து முடிக்கலாகாது. அது திரும்பும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

இவ்வாறு பார்க்கப் பார்க்க, தெரிந்தவை என்று நினைத்தவை யாவும் புதியவையாயின. காகத்துக்கு முன்னே மூன்று விரல், பின்னே ஒன்று. மரங்கொத்திக்கோ முன்னே இரண்டு, பின்னே இரண்டு; மரத்தைப் பற்றி ஏற அது உதவுகிறது. விறைப்பான வால் முட்டுக்கொடுக்கிறது. மைனா நடக்கிறது, சிட்டுக்குருவி தத்துகிறது. குளக்கரையில் மண்ணோடு மண்ணாய் நிற்கும் மடையான், பறக்கும்போது வெண்சிறகு விரிக்கிறது.

பதினான்காம் நாள் விடாத மழை. கைப்பேசியில் இருந்த மீன்கொத்தியின் படத்தைப் பார்த்து வரைந்தேன். முப்பத்தொன்றில் அதுவே பார்வைக்கு மிக அழகானது. ஆயினும் அதிலிருந்து நான் கற்றது ஏதுமில்லை. அதன் கீழ், 'படம் பார்த்து வரைந்தது' என்று எழுதிவைத்தேன். எனவே என் கணக்கு முப்பதுதான்.

435 வண்ணப் படங்களைக் கொண்ட பெருநூலை 1827 முதல் 1838 வரை வெளியிட்ட ஆடுபான், பறவைகளைச் சுட்டுக் கம்பிகளால் நிறுத்தி வைத்து வரைந்தவர். நமக்கு அந்தக் கொடுமை தேவையில்லை. ஒரு பென்சிலும் கால் மணி நேரப் பொறுமையும் போதும்.

'ஓவியம் வராதே!' என்று தயங்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். இது ஓவியம் கற்பதற்கான சவால் அன்று, பார்க்கக் கற்பதற்கானது. எங்கள் ஐவரில் எவரும் ஓவியர் அல்லர்.

நவம்பரில் ஆசிரியரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை, ஆய்வகத்திலிருந்த புறாவின் எலும்புக்கூட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். இரண்டு பிற்பகல்கள் அமர்ந்து அதை மறுபடி வரைந்தேன். பழைய படத்தைவிட அது அழகில் குறைந்ததுதான். ஆனால் கணுக்கால் எதுவென்று இனி எவரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.