மலை மறைக்கும், கடல் கைகொடுக்கும்

அந்தமானும் லட்சத்தீவும் உலக ஹாம்களுக்கு அரிய வேட்டை. சித்தூர், திருப்பதிக்காரர்களுக்கோ பக்கத்து வீடு. ஆனால் பக்கத்து வீட்டுக் குரல்தான் சில சமயம் காதில் விழுவதில்லை.

சித்தூரிலிருந்து திருப்பதி செல்லும் சாலையில் காதங்கி என்ற கிராமம். அங்கே சுமார் நான்கு ஏக்கர் பரப்பில் 1,024 ஆன்டெனாக்கள் வரிசைகட்டி நிற்கின்றன. விண்வெளித் துறையின் கீழ் உள்ள தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடத்தின் ரேடார் அது. 53 மெகா ஹெர்ட்ஸில் அலைகளை மேலே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து வானத்தில் நடப்பதைக் கணிக்கிறது. அதே வானத்தை நம்பித்தான் இந்த வட்டாரத்து ஹாம்கள், அதாவது உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலிக்காரர்கள், மொட்டை மாடியில் கம்பி கட்டித் தீவுகளைத் தேடுகிறார்கள்.

தீவு என்றால் ஹாம்களுக்குத் தனிப் பித்து. அமெரிக்க அமெச்சூர் வானொலிச் சங்கத்தின் பட்டியலில் உலகம் 340 'நாடு'களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அதில் அந்தமான் நிக்கோபாரும் லட்சத்தீவும் இந்தியாவிலிருந்து பிரிந்து, தனித்தனிக் கணக்கு. 1987க்குப் பிறகு பல ஆண்டுகள் அந்தமான் மௌனமாகவே இருந்தது. 2004 டிசம்பரில் ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேரில் நிலையம் அமைத்தது. 'வி.யு.4 ஆர்.பி.ஐ.' என்ற அழைப்புக்குறி ஒலித்ததும் உலகெங்கும் உள்ள ஹாம்கள் முண்டியடித்தார்கள்.

ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் போர்ட் பிளேர் பல ஆயிரம் கி.மீ. தொலைவு. திருப்பதிக்குச் சுமார் 1,450 கி.மீ. தான். லட்சத்தீவின் கவரத்தி, சித்தூரிலிருந்து சுமார் 760 கி.மீ. பக்கத்தில் இருப்பவருக்குத்தானே எளிது? அலையின் கணக்கு வேறு.

தரையை ஒட்டிச் செல்லும் அலை சீக்கிரமே தேய்ந்துவிடும். தொலைதூரம் போவது, 200 முதல் 400 கி.மீ. உயரத்தில் உள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலை. அலைவரிசை உயர உயர, செங்குத்தாகச் செல்லும் அலைகள் அந்த மண்டலத்தைத் துளைத்துக்கொண்டு போய்விடும்; சாய்வாகச் செல்பவை மட்டுமே திரும்பி, தொலைவில் இறங்கும். இடையில் உள்ள ஊர்களுக்கு ஒன்றும் கேட்காது. எனவே 28 மெகா ஹெர்ட்ஸில் கவரத்தி பேசினால் டோக்கியோவில் கேட்கலாம், சித்தூரில் வெறும் இரைச்சல்தான். 7 மெகா ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் சித்தூருக்கும் கேட்கும். ஆனால் உச்சிவெயில் நேரத்தில் அந்த அலையைக் கீழடுக்கு உறிஞ்சிவிடும் என்பதால் காலையும் மாலையுமே உகந்தவை. போர்ட் பிளேருக்குப் பகலில் 14 மெகா ஹெர்ட்ஸ் பொருத்தமானது. அலை அடிவானத்திலிருந்து சுமார் 20 டிகிரி சாய்வில் கிளம்பினால் ஒரே தாவலில் போய்ச் சேரும்.

இங்கேதான் இருப்பிடம் பேசத் தொடங்குகிறது. திருப்பதி நகரத்தின் வடக்கே திருமலை பல நூறு மீட்டர் உயரத்துக்குச் சுவராக எழுகிறது. ஐரோப்பாவும் கரீபியன் தீவுகளும் இருப்பது வடமேற்கில். அவ்வளவு தூரத்துக்குச் சில டிகிரி சாய்வில் தாழக் கிளம்பும் அலைதான் வேண்டும். அதை மலையடிவாரத்து வீட்டில் மலையே தடுத்துவிடும். அந்தமான் கிழக்கே, லட்சத்தீவு தென்மேற்கே. அந்தத் திசைகளில் ஏழுமலையான் குறுக்கே நிற்பதில்லை.

அடுத்தது காலடி மண். கடல்நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ராயலசீமையின் வறண்ட பாறை நிலத்தை அதனோடு ஒப்பிடவே முடியாது. தீவின் கரையில் நீரோரம் செங்குத்தாக நட்ட எளிய கம்பிகூடத் தாழ்ந்த கோணத்தில் வெகுதூரம் அனுப்பும். அதே கம்பி சித்தூரில் திணறும். இங்கே உயரம்தான் மருந்து. 14 மெகா ஹெர்ட்ஸுக்கான 10 மீட்டர் நீளக் கம்பியைக் குறுக்காகக் கட்டி, குறைந்தது 10 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினால் பலன் தெரியும்.

மூன்றாவது, காந்தப் பூமத்தியரேகை. அது தென்கோடி வழியே செல்வதால்தான் 1963இல் ராக்கெட் ஏவத் தும்பா தேர்ந்தெடுக்கப்பட்டது. காதங்கியும் அதற்கு அருகில்தான். இந்தப் பகுதியில் அயனி மண்டலம் அடர்த்தியானது. உயர் அலைவரிசைகளுக்கு அது வரம். ஆனால் சூரியன் மறைந்தபின் அதே மண்டலம் சில நாட்களில் கொதிக்கும் பால்போலக் குமிழியிடும். குரல்கள் நடுங்கிச் சிதறும். காதங்கி ரேடார் ஆராயும் விஷயங்களில் இந்தக் கலக்கமும் ஒன்று.

இந்தக் கணக்கெல்லாம் பொழுதுபோக்காக இருந்தது 2004 டிசம்பர் 26 காலை வரை. சுனாமி தீவுகளைத் தாக்கித் தொலைபேசிகள் செயலிழந்தபோது, போர்ட் பிளேரில் இருந்த ஹாம் குழு உலகத் தொடர்புகளை நிறுத்திவிட்டு அவசரச் செய்திகளை அனுப்பத் தொடங்கியது. பின்னர் கார் நிக்கோபாரிலும் ஹாம் நிலையம் அமைந்தது. போர்ட் பிளேரிலிருந்து அது சுமார் 270 கி.மீ. இவ்வளவு அருகில் இருப்பவரோடு பேச, உலகையே அழைத்த உயர் அலைவரிசைகள் உதவாது. ஏறக்குறைய செங்குத்தாக ஏறி இறங்கும் தாழ்ந்த அலைவரிசையே வேண்டும்.

இந்தியாவில் ஹாம் உரிமத்துக்குத் தேர்வு எழுத வேண்டும். தொடக்கநிலை உரிமத்துக்கு அதிகபட்சம் 50 வாட், பொது உரிமத்துக்கு 400 வாட். 50 வாட் என்பது ஒரு பழைய குண்டு பல்பின் மின்சாரம். எங்கே நின்று, எப்போது, எந்த அலைவரிசையில் என்பது தெரிந்தவருக்கு அந்தமானை எட்ட அது போதும்.