வயல் மனையாகிறது... வாய்க்கால் என்னாகிறது?

‘ஐயா, செங்குன்றம் பக்கம் எனக்கு ஒன்றேகால் ஏக்கர் நஞ்சை. பக்கத்து மூன்று ஏக்கரை மனை போட விற்றுவிட்டார்கள். கிராவல் கொட்டி மேடாக்கி வருகிறார்கள். ஊர்ச் சிற்றேரித் தண்ணீர் அந்த வயல் வழியாகத்தான் எனக்கு வரும். மழைக்காலத்தில் வடிவதும் அதே வழிதான். இதற்கிடையில் என் தங்கை வீட்டுக்காரர் அதே மனையில் ஒன்றை வாங்கி வீடு கட்டப் போகிறேன் என்கிறார். அவருக்கு என்ன சொல்ல? எனக்கு என்ன வழி?’

கேள்வி-பதில் பகுதிக்கு வந்த கடிதம் இது. நாலு வரியில் பதில் சொல்லிவிட முடியாது என்பதால் கட்டுரையாகவே எழுதுகிறேன்.

புழலைச் சுற்றி இந்தக் கதை புதிதல்ல. 2011 வரை பேரூராட்சியாக இருந்த புழல், இன்று சென்னை மாநகராட்சியின் மாதவரம் மண்டலத்தில் இருக்கிறது. 3,300 மில்லியன் கன அடி கொள்ளும் ஏரியைச் சுற்றியிருந்த நெல் வயல்கள் தெருக்களாகிவிட்டன. ஏரி நிரம்பித் திறந்தால், உபரி நீர் நாரவாரிக்குப்பம், வடகரை, வடபெரும்பாக்கம், மணலி, சடையான்குப்பம் வழியாக எண்ணூர்க் கடலை நோக்கிப் போகும். ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் வெள்ள எச்சரிக்கைச் செய்தியில் இந்த ஊர்ப் பெயர்களைப் பார்க்கலாம்.

முதலில் மண்ணைப் பற்றிப் பேசிவிடுகிறேன். சட்டத்தைவிட எனக்கு நன்றாகத் தெரிந்தது அதுதான்.

நெல் வயல் என்பது தண்ணீர் நிற்பதற்காகவே நம் முன்னோர் செய்து வைத்த நிலம். பாசனம் ஏற வேண்டும் என்று தாழ்வாக வைத்து, சமன் செய்து, வரப்பு கட்டினார்கள். தலைமுறை தலைமுறையாகச் சேற்றுழவு செய்ததில், கலப்பை இறங்கும் ஆழத்துக்குக் கீழே மண் இறுகித் தட்டுபோல் ஆகியிருக்கும். அந்தத் தட்டு இருப்பதால்தான் தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கிறது. பயிருக்கு அது வரம், வீட்டுக்கு வினை. கிராவலை மேலே கொட்டினால் தட்டு போய்விடாது. செப்டிக் டேங்க்கிலிருந்து உறிஞ்சு குழிக்குப் போகும் நீர் களிமண்ணில் இறங்க முடியாமல் மழைக்காலத்தில் எதிர்த்து வரும். பாதாளச் சாக்கடை இல்லாத தெருவில் அது கடைசியில் யாருடைய வயலுக்கோ ஏரிக்கோ போகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு ஏக்கரில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அது 4 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஏற்றினால் 33 லாரி நிரம்பி மிச்சமும் இருக்கும். முழங்கால் உயரத்துக்கும் குறைவான வரப்பு அதைத் தாங்கி, மெல்ல வடிய விடும். அந்த வயலை மூன்றடி உயர்த்தி வீடும் சிமென்ட் தரையும் போட்டால், அத்தனை தண்ணீரும் ஒரே நாளில் பக்கத்துத் தாழ்வான வயலுக்குத்தான் வரும். கடிதம் எழுதிய நண்பரின் நிலைமை அதுதான்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ல் வந்தன. அடுக்குமாடி கட்டுகிறவர் பணி நிறைவுச் சான்றிதழ் வாங்காமல் மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்பு பெற முடியாது. வரைபடத்தில் காட்டியபடி கட்டியிருக்கிறாரா என்று பார்த்துத்தான் அந்தச் சான்றிதழ் கொடுப்பார்கள். பிரிட்டனில் இதையே இன்னும் கறாராக வைத்திருக்கிறார்கள். சாலையும் கழிவுநீர்க் குழாயும் தயாராகும்வரை புது வீட்டில் ஒருவரும் குடியேறக் கூடாது என்று அனுமதியிலேயே நிபந்தனை எழுத முடியும். ஸ்காட்லாந்தில் நடந்த ஒரு வழக்கால் அதற்குக் ‘கிராம்பியன் நிபந்தனை’ என்றே பெயர்.

நம் ஊரில் சின்ன வீடுகளுக்கு இந்தச் சான்றிதழிலிருந்து விலக்கு உண்டு. 2024-ல் அந்த வரம்பை உயர்த்தினார்கள். 14 மீட்டர் உயரத்துக்குள், 750 சதுர மீட்டருக்குள், 8 குடியிருப்புக்கு மிகாமல் இருந்தால் சான்றிதழ் தேவையில்லை. சொந்த வீடு கட்டுகிறவருக்கு அலைச்சல் மிச்சம், நல்லதுதான். ஆனால் ‘கரன்ட் வந்துவிட்டது, எல்லாம் சரியாகத்தான் இருக்கும்’ என்று மட்டும் நினைக்காதீர்கள். மனை வாங்கித் தனி வீடு கட்டும் குடும்பத்துக்குச் சாலை, வடிகால் பற்றிய கேள்வியெல்லாம் மனைப்பிரிவுக்கு அனுமதி தரும்போதே முடிந்துவிடுகிறது. அங்கே கோட்டை விட்டால், வீடு கட்டிய பிறகு கேட்க ஆளில்லை.

அனுமதி பெற்ற மனைப்பிரிவில் சாலைகள் முழுவதையும் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும். பரப்பு 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது 2 ஏக்கர் 47 சென்ட்டுக்கு மேல் போனால், சாலை நீங்கலாக உள்ளதில் 10 சதவிகிதத்தைப் பூங்கா போன்ற பொதுப் பயனுக்கு நிலமாகவே கொடுத்தாக வேண்டும். நண்பர் சொல்லும் மூன்று ஏக்கர் இதில் வருகிறது. 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால், நிலத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம். வெள்ளம் தேங்கும் இடமாக இருந்தால் நீர்வளத் துறையின் கருத்தும் வேண்டும். எவ்வளவு உயரம் நிரப்ப வேண்டும், வாய்க்காலை எப்படி விட வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். மனை வாங்குகிறவர்களில் அந்தக் காகிதத்தைக் கேட்கிறவர் நூற்றுக்கு ஒருவர்கூட இருப்பாரா என்பது சந்தேகமே. புழல் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு மாஸ்டர் பிளானில் தனிக் கட்டுப்பாடுகளும் உண்டு. சர்வே எண் அதற்குள் வருகிறதா என்று சி.எம்.டி.ஏ.வில் கேட்டுவிடுங்கள்.

அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை விதித்ததும், அடுத்த ஆண்டு வரன்முறைத் திட்டம் வந்ததும் நினைவிருக்கும். 20.10.2016 வரை பதிவான மனைகளுக்கு அதில் வழி கிடைத்தது. வரன்முறை ஆன மனை என்றால் பத்திரச் சிக்கல் தீர்ந்தது என்று மட்டுமே பொருள். தெருவும் வடிகாலும் இருக்கிறதா என்பதை நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

தங்கை வீட்டுக்காரர் செய்ய வேண்டியது இதுதான். சி.எம்.டி.ஏ. அனுமதி எண்ணையும் முத்திரையிட்ட வரைபடத்தையும் வாங்கிப் பார்க்கட்டும். மனைக்கு மட்டுமல்லாமல், சாலை இருக்கும் சர்வே எண்ணுக்கும் வில்லங்கச் சான்றிதழ் போடட்டும். உள்ளாட்சிக்கு எழுதிய தானப் பத்திரம் அதில் வர வேண்டும். வரவில்லை என்றால் அந்தச் சாலை இன்னும் ஒருவரின் சொந்த நிலம். 500 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் வசதிகளில் குறை தெரிந்தால் விற்றவர் செலவிலேயே சரிசெய்யச் சொல்லி அங்கே முறையிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கார்த்திகை மாதம் நல்ல மழை பெய்த மறுநாள் போய் இடத்தைப் பார்க்கட்டும். சித்திரையில் எல்லா மனையும் அழகுதான்.

இனி நண்பரின் வாய்க்கால். வருவாய்த் துறையின் புலப்படத்தில் அது தனி எண்ணோடு வாய்க்கால் புறம்போக்காக இருந்தால், அதை மூட யாருக்கும் உரிமையில்லை. வட்டாட்சியரிடமும் நீர்வளத் துறையிடமும் உடனே எழுத்தில் மனு கொடுங்கள், மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் பதிவு செய்யுங்கள். பட்டா நிலத்துக்குள் ஓடும் வயல் வாய்க்கால் என்றால் படத்தில் இருக்காது. அதற்காகச் சோர்ந்துவிட வேண்டாம். 20 ஆண்டுகள் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையோடு அந்த வழியில் தண்ணீர் கொண்டு வந்திருந்தால், 1882-ம் ஆண்டின் அனுபோக உரிமைச் சட்டம் துணை நிற்கும். ஆனால் அடைத்தது தெரிந்தும் ஓராண்டு பேசாமல் இருந்தால், இசைந்ததாக எடுத்துக்கொள்வார்கள். அடைபட்டு இரண்டு ஆண்டு கடந்து வழக்குப் போட்டாலும் பயனில்லை. ‘பக்கத்துக்காரர்தானே, பேசிப் பார்ப்போம்’ என்று இழுப்பதில்தான் நம்மவர்கள் தோற்கிறார்கள். பேசுங்கள், அதோடு ஒரு நோட்டீஸும் அனுப்பிவிடுங்கள். வக்கீல் செலவுக்கு வழியில்லை என்றால் வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன், நில வகைமாற்றத்துக்காக ஒரு வயலைப் பார்த்துக் கருத்து எழுத என்னை அனுப்பினார்கள். மூன்று வருடமாகத் தரிசு, பயிர் இல்லை என்று பார்த்ததை எழுதினேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் வரப்பில் ஏறி இன்னும் நூறு அடி நடந்திருந்தால், அந்தத் தரிசின் ஓரமாக ஓடிய தண்ணீர் அடுத்த நாலு பேர் நிலத்துக்குப் போவதைப் பார்த்திருப்பேன். இரண்டு வருடம் கழித்து அவர்களில் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். ‘சார், நீங்க வந்தப்ப நான் மாட்டைக் கட்டிக்கிட்டு அங்கேதான் நின்னேன். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே’ என்றார். என்னிடம் பதில் இல்லை. அதன்பிறகு, போகும் இடத்திலெல்லாம் கீழ்மடைக்காரரைக் கூப்பிட்டு விசாரிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை.

அதனால் அதிகாரி வருவார், பார்ப்பார் என்று காத்திருக்காதீர்கள். பக்கத்து நிலத்தில் கல் நட்டதைப் பார்த்த அன்றே வாய்க்காலைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். அந்தத் தண்ணீரில் பயிர் செய்ததற்கு அடங்கல் நகல் வாங்கி வையுங்கள். கடிதம் எழுதிய நண்பர் புலப்படத்தின் நகலை இதழ் முகவரிக்கு அனுப்பினால், அவருடைய வாய்க்கால் புறம்போக்கா பட்டாவா என்று பார்த்து அடுத்த இதழில் எழுதுகிறேன்.