கூட்டம் கலைந்த பிறகு ஃபீஸ் கட்டுவது யார்?

2020 பிப்ரவரியில் நெய்வேலிச் சுரங்கத்துக்கு வெளியே திரண்ட கூட்டத்தை ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ‘மாஸ்டர்’ படப்பிடிப்புக்கு வந்திருந்த விஜய், வாகனத்தின் மேல் ஏறி ரசிகர்களோடு எடுத்துக்கொண்ட செல்ஃபி, அந்த ஆண்டு இந்திய ட்விட்டரில் மிக அதிகமாகப் பகிரப்பட்ட பதிவானது. போஸ்டர் ஒட்டி யாரும் அழைக்கவில்லை, சாப்பாடு போடவில்லை. முகம் ஒன்று தெரிந்தது, ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள்.

இந்த ஈர்ப்பைக் குழந்தைகளுக்கான தொண்டு நிறுவனங்கள் பல காலமாகவே பயன்படுத்தி வருகின்றன. யுனிசெஃப் 1954-ல் ஹாலிவுட் நகைச்சுவை நடிகர் டேனி கேயைத் தன் முதல் நல்லெண்ணத் தூதராக ஆக்கியது. இன்று பெரிய அமைப்பு எதுவாக இருந்தாலும் அதற்கென்று ஒரு நட்சத்திர முகம் இருக்கிறது. ஆனால் முகம் கூட்டத்தைக் கூட்டிய பிறகு, திரளும் பணம் குழந்தையின் கைக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்பதைத்தான் நாம் அதிகம் பார்ப்பதில்லை.

1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கில் நடந்த கச்சேரி இதற்குப் பெரிய பாடம். வங்கதேச அகதிகளின் துயரம் பொறுக்காமல் சிதார் மேதை ரவிசங்கர் தன் நண்பரான பீட்டில்ஸ் இசைக்கலைஞர் ஜார்ஜ் ஹாரிசனிடம் உதவி கேட்டார். ஹாரிசன் சில வாரங்களிலேயே பாப் டிலன், எரிக் கிளாப்டன் போன்றவர்களைத் திரட்டிவிட்டார். ஒரே நாளில் இரண்டு காட்சிகள், சுமார் 40,000 பேர். டிக்கெட்டில் வசூலான சுமார் 2,43,000 டாலர் அகதிக் குழந்தைகளுக்காக யுனிசெஃப்புக்குப் போனது. அதைவிடப் பெரிய தொகை பின்னால் வந்த இசைத்தட்டிலும் படத்திலும் கிடைத்தது. அங்கேதான் சிக்கல். தொண்டுக்கான வரிவிலக்கை முன்கூட்டியே முறைப்படி வாங்கி வைக்காததால், அந்தப் பணம் அமெரிக்க வருமான வரித்துறையிடம் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. மனசு சுத்தமாக இருந்தது, காகிதம் சரியாக இல்லை. அகதி முகாமில் பாலுக்குக் காத்திருந்த குழந்தையால் வரித்துறை முடிவு செய்யும்வரை காத்திருக்க முடியுமா?

நம் ஊரில் இந்தப் பாடத்தை நன்றாகப் படித்தவர்கள் நடிகர் சூர்யாவின் அகரம் அறக்கட்டளையினர் என்று சொல்வேன். இதன் வேர் இன்னும் பழையது. தன் 100-வது படத்தையொட்டி, சூர்யாவின் தந்தையான நடிகர் சிவகுமார் பள்ளி மாணவர்களுக்குப் பரிசு கொடுக்கத் தொடங்கிய அறக்கட்டளையே முன்னோடி. 2006-ல் பிறந்த அகரம், 2010-ல் ‘விதை’ திட்டத்தைத் தொடங்கியது. பிளஸ் டூ முடித்த, வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதித்திராத பிள்ளைகள் விண்ணப்பிக்கிறார்கள். விண்ணப்பத்தை மட்டும் நம்பாமல் தன்னார்வலர்கள் அந்த வீட்டுக்கே போய்ப் பார்க்கிறார்கள். ஓலைக் கூரையா, அப்பா இருக்கிறாரா, அம்மா எந்த வேலைக்குப் போகிறார், படிக்க இடம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு. அதன் பிறகு கல்லூரிகளோடு பேசி இடம் வாங்குவது, விடுதி, ஆங்கிலப் பயிற்சி, மனம் சோர்ந்தால் பேச ஓர் அண்ணனோ அக்காவோ என்று படிப்பு முடியும்வரை துணை நிற்கிறார்கள். 2025 ஆகஸ்டில் நடந்த ‘விதை’யின் 15-ஆம் ஆண்டு விழாவில், இப்படிப் படித்து வந்தவர்களில் 51 பேர் மருத்துவர்கள் என்று அறிவிக்கப்பட்டது. கமல்ஹாசன் உட்படப் பலர் வந்திருந்த அந்த மேடையில் நட்சத்திரங்களை விட அந்தப் பிள்ளைகளே எனக்கு முக்கியமாகப் பட்டார்கள். அதே ஆண்டு ‘ரெட்ரோ’ வருமானத்திலிருந்து 10 கோடி ரூபாயை சூர்யா அகரத்துக்குத் தந்தார். வாங்கிச் செலவழிக்க ஏற்கெனவே ஓர் அமைப்பு தயாராக இருந்ததால் அந்தத் தொகைக்கு உடனே வேலை இருந்தது.

நெய்வேலிக்குப் பக்கத்திலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. சூர்யா நடித்த ‘ஜெய் பீம்’ படத்துக்கு மூலமான 1993-ஆம் ஆண்டுக் காவல் சித்திரவதை கம்மாபுரம் காவல் நிலையத்தில் நடந்தது. உயிரிழந்த ராஜாக்கண்ணுவின் ஊர் முதனை. படம் வந்த 2021-ல், அவர் மனைவி பெயரில் 10 லட்சம் ரூபாயை நிரந்தர வைப்பாகப் போடுவதாக சூர்யா அறிவித்தார். வட்டி அவருக்கு, அவர் காலத்துக்குப் பின் தொகை வாரிசுகளுக்கு. இருளர் மக்களின் நலனுக்கும் கல்விக்கும் உழைக்கும் அறக்கட்டளைக்கு ஒரு கோடி ரூபாய் தனியாகப் போனது. மொத்தமாகக் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதைவிட, மாதாமாதம் வீட்டுக்கு வந்து சேரும் ஏற்பாடு எவ்வளவோ மேல். சுனாமியில் பெற்றோரை இழந்த குழந்தைகளின் பெயரில் தமிழக அரசு வைப்புத்தொகை போட்டதும் இதே எண்ணத்தில்தான்.

நட்சத்திரம் இல்லாமல் தொண்டு நடக்காதா என்றால், தாராளமாக நடக்கும். பிரிட்டனில் டேன் பிராக்கிங்டன், ஸ்பென்சர் ஹென்சன் என்ற இரு ஆய்வாளர்கள் மக்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். பெரிய தொண்டு நிறுவனங்களின் பெயர்கள் பெரும்பாலோருக்குத் தெரிந்திருந்தன. அவற்றுக்காகப் பேசும் பிரபலம் யார் என்று கேட்டபோது பெரும்பாலோரால் சொல்ல முடியவில்லை. நெய்வேலியில் பெரிய கொடையாளி நடிகர் அல்ல, சுரங்க நிறுவனமான என்.எல்.சி.தான். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் ஈட்டும் நிறுவனங்கள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். டவுன்ஷிப்பில் சிறப்புக் குழந்தைகளுக்கான ‘சினேகா’ பள்ளிக்கு நிறுவனத்தின் ஆதரவு உண்டு. அங்கே தினமும் பிள்ளைகளுக்குச் சட்டைப் பொத்தான் போடப் பழக்கும் ஆசிரியையிடம் யாரும் செல்ஃபி கேட்பதில்லை.

குழந்தைகள் இல்லத்துக்குப் பிரபலத்தை அழைத்து வருபவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் படம், பெயர், பள்ளி என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவதைத் தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். பிறந்தநாள் கேக்கோடு அநாதை இல்லக் குழந்தைகளை வரிசையாக நிறுத்தி எடுத்த படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுக்காது. பத்து வருடம் கழித்து வேலைக்கு விண்ணப்பிக்கும் பெண்ணின் பெயரைத் தேடினால் அந்தப் படம் வந்து நிற்கும்.

பணம் கொடுப்பவர் கேட்க வேண்டியவை எளிமையானவை: அறக்கட்டளைக்கு நன்கொடைக்கான வரிச் சலுகைப் பதிவு இருக்கிறதா, ரசீது தருவார்களா, ஆண்டுக் கணக்கைக் காட்டுவார்களா. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச் சலுகை கிடையாது என்பதால், வங்கி வழியே கொடுப்பது நல்லது.

ஜூன் 22-ல் விஜய்க்கும் ஜூலை 23-ல் சூர்யாவுக்கும் பிறந்தநாள். அந்த நாட்களில் நெய்வேலியிலும் மந்தாரக்குப்பத்திலும் நோட்டுப் புத்தகம் கொடுக்கும் ரசிகர் மன்றத் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். அந்த இரண்டு மாதங்கள்தான் கல்லூரிச் சேர்க்கைக் காலம். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று பிளஸ் டூ முடித்த பிள்ளை இ-சேவை மையத்துக்கு அலையும். ஒப்பந்தத் தொழிலாளியின் வீட்டில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அம்மாவும் கூடவே அலைவார். ஒரு மன்றத்துக்கு ஐந்து பிள்ளைகள் போதும். கூட நின்று சான்று வாங்கிக் கொடுங்கள், கவுன்சலிங் கட்டணம் கட்டுங்கள், தமிழக அரசின் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய்க்குப் பதிவு செய்து கொடுங்கள், இரண்டாம் செமஸ்டரில் மறுபடியும் போன் போட்டு விசாரியுங்கள்.