விருப்ப வரிசை

உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு வெளியானதும், மொனராகலை, வெல்லவாய, பசறை, லுணுகலைப் பகுதித் தோட்டங்களில், சித்தியெய்திய பிள்ளையின் வீட்டுக்கு லயமே திரண்டு சென்று வாழ்த்துவது வழக்கம்; ஆயினும், பால்வெட்டிலும் கொழுந்திலும் பாடுபட்டுப் பிள்ளையை அவ்வளவு தூரம் படிக்கவைத்த பெற்றோருக்கு, அதற்கு மேல் செய்யவேண்டியது இன்னதென்று சொல்லித்தர, முன்னே படித்துச் சென்ற அண்ணனோ அக்காளோ அவ்வீட்டில் பெரும்பாலும் இருப்பதில்லை. அவர்களுக்குப் பயன்படுமென்ற ஆசையினாலேயே இதனை எழுதுகிறேன்.

அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு மாணவரைத் தெரிவு செய்வது, 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. பெரும்பாலான கற்கைநெறிகளில் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமைப்படியும், 55 இடங்கள் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பவும், எஞ்சிய 5 இடங்கள் கல்வி வசதி குன்றிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் வழங்கப்படுகின்றன. மொனராகலையும் பதுளையும் அவற்றுள் அடங்கும். ஆகவே, கொழும்பு மாவட்டத்தில் இடம் பெற்றுத்தராத இசட் புள்ளி (பரீட்சைப் பெறுபேற்றைத் தரப்படுத்திக் கணிக்கும் புள்ளி) இங்கே பெற்றுத்தருதல் கூடும். இதனைச் சலுகையென்றெண்ணி எவரும் கூசவேண்டியதில்லை. ஆய்வுகூடமோ போதிய ஆசிரியரோ இல்லாத பாடசாலையிலிருந்து பரீட்சை எழுதிய பிள்ளைக்கு நியாயமாகச் சேரவேண்டியதே அது. பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் கற்ற பாடசாலையைக் கொண்டே மாவட்டம் நிர்ணயிக்கப்படுமாதலால், விஞ்ஞானமோ கணிதமோ கற்பதற்காக வேறு மாவட்டம் சென்றவர்கள் இவ்விஷயத்தில் ஜாக்கிரதையாயிருத்தல் வேண்டும்.

எல்லாவற்றிலும் பிரதானமானது, விண்ணப்பத்தில் கற்கைநெறிகளை விருப்பப்படி வரிசையிடும் காரியம். பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வந்து, புள்ளி எட்டுகின்ற முதலாவது நெறியையே ஆணைக்குழு அளிக்கின்றது. அதற்குக் கீழே எழுதியவை பிறகு கவனிக்கப்படுவதில்லை. "கிடைக்காததை முதலில் எழுதினால் கிடைப்பதும் போய்விடும்" என்று அஞ்சி, மனம் விரும்பிய நெறியைக் கீழே தள்ளிவிட்டு, எளிதில் கிட்டுவதை முதலில் எழுதும் பிள்ளைகள் பலர். அந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை. எட்டாத நெறியை மேலே எழுதுவதனால் நஷ்டம் ஏதுமில்லை. வேண்டாத நெறியை மேலே எழுதுவதே நஷ்டம். சென்ற ஆண்டில் ஒரு நெறிக்கு இடம் பெற்றுத்தந்த மிகக் குறைந்த புள்ளியாகிய வெட்டுப்புள்ளி ஒரு குறிப்பேயன்றி உத்தரவாதமன்று. ஆதலால் தொடர்பாடல் நிலையத்துத் தம்பியிடம் படிவத்தை ஒப்படைத்துவிட்டு வெளியே நிற்காமல், ஆணைக்குழுவின் அனுமதிக் கைந்நூலைப் பிள்ளை தானே வாசித்து, வரிசையை முதலிற் காகிதத்தில் எழுதி, படித்த ஆசிரியர் ஒருவரிடம் காட்டிய பின்னரே பதிவு செய்தல் உத்தமம்.

அடுத்தது பத்திரங்கள். பிறப்பத்தாட்சியில் சிங்களத்தில் பதிந்த பெயர் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் வேறு விதமாகவும், பாடசாலை இடாப்பில் தந்தையின் பெயர் இன்னொரு விதமாகவும் இருப்பது தோட்டப்புறங்களில் சர்வசாதாரணம். பெறுபேறு வரும்வரை காத்திராமல், பரீட்சை முடிந்த கையோடு பிரதேச செயலகத்துக்குச் சென்று திருத்தத்துக்கு மனுச் செய்வது நலம். புலமைப்பரிசிலுக்குக் குடும்ப வருமானத்தைக் காட்டவேண்டியிருக்குமாதலால், பெற்றோரின் சம்பளத் துண்டுகளையும் எறிந்துவிடாமல் சேர்த்துவைத்தல் வேண்டும்.

கல்வி இலவசமேயாயினும் வாழ்க்கை இலவசமன்று. 1981 இல் சட்டமூலம் ஏற்படுத்தப்பட்ட மகாபொல நிதியத்தின் புலமைப்பரிசில் வசதியற்ற பிள்ளைக்குப் பேருதவியாகும். ஆனால் முதற்பணம் கைக்கு வரச் சில மாதங்கள் செல்லுமாதலால், அதுவரையில் சாப்பாட்டுக்கும் பிரயாணத்துக்கும் வேண்டியதைக் குடும்பம் முன்கூட்டியே ஒதுக்கிவைக்க வேண்டும். தீபாவளி முற்பணத்தில் ஒரு பகுதியை இதற்கென எடுத்துவைப்பதும் ஒரு வழி.

பெறுபேற்றுக்கும் பல்கலைக்கழகப் பிரவேசத்துக்கும் இடையில் மாதங்கள் பல கழிவதுண்டு. அக்காலத்தில் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளின் நிலையை நான் அறிவேன். அவர்களிடம் கேட்பதெல்லாம், நாளுக்கு ஒரு மணி நேரமாவது ஆங்கிலத்துக்கு ஒதுக்குங்கள் என்பதே. 2005 இல் பதுளையில் உதயமான ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்திலே போதனாமொழி ஆங்கிலந்தான்; வீட்டுக்கு அண்மையிலுள்ள அந்தக் கல்விக்கூடத்துக்குப் போகும் பிள்ளைக்கும் பாஷை புதிதாகவே இருக்கும்.

பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்த பின் புதிய மாணவர் எதிர்கொள்ளக்கூடிய பகிடிவதை 1998 இன் 20 ஆம் இலக்கச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். அதனைச் சகித்துக்கொள்ள வேண்டுமென்று எவர் சொன்னாலும் கேட்கவேண்டாம். மாணவ ஆலோசகரிடம் முறையிடுவதோடு, பெற்றோரிடமும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இடங் கிடைக்காத பிள்ளையும் படிப்பை நிறுத்திவிட வேண்டியதில்லை. திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம் பதுளையில் உண்டு. ஆசிரியத் தொழிலை விரும்புவோருக்குக் கொட்டகலைப் பத்தனையில் ஸ்ரீபாத தேசியக் கல்வியியற் கல்லூரி இருக்கின்றது. அவற்றுக்கான விண்ணப்பங்கள் வேறாகக் கோரப்படுமாதலால், அறிவித்தல் வரும் நாளையும் முடிவுத் திகதியையும் தவறவிடாமல் கவனித்திருக்க வேண்டும்.